மூன்றாம் ஆண்டுப் பற்றாக்குறை: பத்து பெரெண்டாம் விமான நிலையமும் வட ஜொகூரும்

வட ஜொகூரின் தங்காக்கில் விமான நிலையம் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்கடைகளுக்கும் 1,276 மீட்டர் உயர லெடாங் மலைக்கும் பெயர்பெற்ற இந்த ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் வடக்கே கோலாலம்பூரின் கேஎல்ஐஏ, தெற்கே செனாய் ஆகிய விமான நிலையங்கள் இரண்டையும் இரண்டு மணி நேரத்துக்குள் தொட்டுவிடலாம். ஆனால் இவை இரண்டையும்விட அருகில், ஒரு மணி நேரத்துக்குள், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மலாக்கா மாநிலத்தின் பத்து பெரெண்டாம். சாகில், சிரோம், புக்கிட் கம்பீர், மூவார் என்று வட ஜொகூர் முழுவதும் அந்த விமான நிலையத்தின் இயல்பான பயணிகள் வட்டத்துக்குள்தான் வருகிறது. நடுவே ஓடுவது ஒரு மாநில எல்லை மட்டுமே.

அந்த நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கோரிக்கை ஒன்றாகவே இருக்கிறது. ஓடுபாதையை நீட்டுங்கள், முனையத்தைப் பெரிதாக்குங்கள், பெரிய விமானம் தானே வரும் என்கிறார்கள். ஒரு சிறிய விமான நிலையத்தை மேம்படுத்துவது என்றால் சிமெண்டும் தாருமே என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. உலகில் பல சிறு விமான நிலையங்களின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு சித்திரம் கிடைக்கும். கட்டுவதற்கான பணம் எப்படியாவது வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்கு ஆள் உண்டு, கல்வெட்டுக்குப் பெயர் உண்டு. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை யார் நிரப்புவது என்பதற்குத்தான் யாரும் பெயர் கொடுப்பதில்லை.

பத்து பெரெண்டாமையே எடுத்துக்கொள்வோம். காலனி ஆட்சிக் காலத்தில், 1952-இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் சிறிய ஓடுதளமாகவே கிடந்தது. ஒன்பதாவது மலேசியத் திட்டக் காலத்தில் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலவிட்டு ஓடுபாதை 2,135 மீட்டராக நீட்டப்பட்டது. ஏறத்தாழ 7,000 சதுர மீட்டரில் புது முனையம் எழுந்தது. பெயரில் ‘அனைத்துலக’ என்ற அடைமொழியும் சேர்ந்தது. ஏர்பஸ் 320 வகை விமானம் வந்திறங்கப் போதுமான நீளம் இது. ஆகவே வசதி இல்லாததால் விமானம் வரவில்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

விமானங்கள் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுமத்ராவின் பெக்கான்பாருவிலிருந்து ரியாவ் ஏர்லைன்ஸ் பறந்தது. அந்த நிறுவனமே பின்னர் மூடிக்கொண்டது. அடுத்து மலிண்டோ ஏர் தன் ஏடிஆர் விமானங்களைப் பெக்கான்பாருவுக்கும் பினாங்குக்கும் விட்டது, அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் முதல் விமானத்துக்கு வரவேற்பு, பிறகு வாரத்துக்கு இத்தனை என்று குறைப்பு, கடைசியில் சத்தமில்லாமல் ஒரு நிறுத்தம். இந்த வரிசையைச் சிறு விமான நிலையங்களுள்ள எந்த நாட்டிலும் பார்க்கலாம்.

பெக்கான்பாரு வழித்தடம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப முளைக்கிறது? அதற்குப் பின்னால் உண்மையான தேவை ஒன்று உண்டு. ரியாவ் மாநிலத்து நோயாளிகள் மலாக்காவின் தனியார் மருத்துவமனைகளை நம்பி வருகிறார்கள். மக்கோத்தா, பந்தாய் ஆயர் குரோ ஆகியவற்றின் வரவேற்புக் கூடங்களில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாலே இந்தோனேசிய மொழி காதில் விழும். அவர்களில் பெரும்பாலோர் டூமாயிலிருந்து படகேறி வருகிறார்கள். படகுக் கட்டணத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான் விமானம் பிழைக்க வேண்டும். இருதய அறுவைக்கு வருகிறவர் விமானத்தை விரும்பலாம். கண் பரிசோதனைக்கு வருகிறவருக்குப் படகு போதும். எழுபது இருக்கை விமானத்தை நாள்தோறும் நிரப்ப முதல் வகையினர் மட்டும் போதவில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் உள்நாட்டுப் பயணி ஒருவர் புறப்படும்போது டிக்கெட்டோடு சேர்த்துச் செலுத்தும் பயணிச் சேவைக் கட்டணம் 11 ரிங்கிட். ஆசியான் நாடுகளுக்குப் போகிறவருக்கு 35 ரிங்கிட். ஓர் ஏடிஆர் 72 விமானம் எழுபது இருக்கைகளில் ஐம்பத்தாறை நிரப்பிக்கொண்டு நாளுக்கு இரண்டு முறை பினாங்குக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூடத் தவறாமல் ஆண்டு முழுதும் பறந்தாலும் நிலையத்துக்கு இந்த வகையில் கிடைப்பது சுமார் நாலரை லட்சம் ரிங்கிட். அதே விமானம் பெக்கான்பாருவுக்குப் போனால் சுமார் 14 லட்சம்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். ஏடிஆர் 72 வந்திறங்க வேண்டுமானால் அனைத்துலக விதிப்படி ஐந்தாம் தரத் தீயணைப்புப் பாதுகாப்பு தேவை. ஏர்பஸ் 320-க்கு ஆறாம் தரம். வண்டி ஓடுபாதையின் கடைசி முனையை மூன்று நிமிடத்துக்குள் எட்ட வேண்டும். அதற்கு வண்டி, நுரை மருந்து, முறை மாற்றி நிற்கும் வீரர்கள். கூடவே பயணப் பைகளைச் சோதிக்கும் கருவி, அதை இயக்குகிறவர், காவலர், ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கும் மின்பணியாளர், பறவை விரட்டுகிறவர், புல் வெட்டுகிறவர். வெளிநாட்டு விமானம் என்றால் குடிநுழைவு, சுங்கம் வேறு. நாற்பதே பேர், ஆளுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரிங்கிட் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 19 லட்சம் தாண்டிவிடும். மின்கட்டணம், பழுது, காப்பீடு இன்னும் எழுதப்படவில்லை. தரையிறங்கும் கட்டணம், கடை வாடகை, வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தப் பள்ளம் மூடாது. இதில் கசப்பான ஒன்று: நாளுக்கு ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் தீயணைப்பு வண்டி ஒன்றுதான், விளக்கு வரிசை ஒன்றுதான். ஆகவே சிறிய நிலையத்தில் ஒவ்வொரு பயணியின் தலையிலும் விழும் செலவு பெரிய நிலையத்தைவிடப் பல மடங்கு.

இந்தப் பள்ளத்தை நம் நாட்டில் இதுவரை நிரப்பி வருவது கேஎல்ஐஏ. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வான் போக்குவரத்து கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசுக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ விமான நிலையம் நடத்தும் மரபு இங்கே இல்லை. 1992-இல் உருவான மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனம் நாட்டில் 39 நிலையங்களை இயக்குகிறது. பெரியவை சம்பாதிக்க, சிறியவை செலவழிக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் சம்பளத்தில் கடைக்குட்டி படிப்பதைப் போன்ற ஏற்பாடு. குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை இதில் தவறில்லை. ஆனால் கடைக்குட்டி எவ்வளவு செலவழிக்கிறான், எதற்குச் செலவழிக்கிறான் என்று யாருமே தனியாக எழுதி வைப்பதில்லை.

2024 மார்ச்சில் கையெழுத்தான புதிய உடன்பாடு இந்நிறுவனத்தின் இயக்க உரிமையை 2069 வரை நீட்டியது. 2025-இன் தொடக்கத்தில் அரசு முதலீட்டு நிறுவனமான கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், அபுதாபி முதலீட்டு ஆணையம், குளோபல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பார்ட்னர்ஸ் ஆகியோரின் கூட்டணி பங்கு ஒன்றுக்கு 11 ரிங்கிட் கொடுத்து நிறுவனத்தை வாங்கிப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. மொத்த மதிப்பு 1,840 கோடி ரிங்கிட். இதில் சேமநிதியின் பங்கு 30 விழுக்காடு. தங்காக்கில் சம்பளம் வாங்கும் எவருடைய சேமிப்பின் துளியும் அதில் இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளர் உள்ளே வந்ததும் சிறு நிலையங்கள் கைவிடப்படும் என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் அச்சம் எழுந்தது. எனக்கு அந்த அச்சம் முழுதாக இல்லை. மூடுவது எந்த அரசுக்கும் அரசியல் நஷ்டம். மூடவும் மாட்டார்கள், வளர்க்கவும் மாட்டார்கள் என்பதே என் கவலை. விளக்கு எரியும், தரை துடைக்கப்படும், அறிவிப்புப் பலகை வெறுமையாக நிற்கும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது. 1974-இல் திறந்த செனாய் விமான நிலையம் 2003 நவம்பரில் தனியார்மயமாகி, பின்னர் எம்எம்சி குழுமத்தின் கைக்கு வந்தது. 3,800 மீட்டர் ஓடுபாதை, சரக்கு முனையம், விமானப் பழுதுபார்ப்பு, சுற்றிலும் தொழிற்பேட்டை நிலம். பயணிகளின் 11 ரிங்கிட்டை மட்டும் நம்பி அந்த முதலீடு நடக்கவில்லை. நிலத்தின் மதிப்பை நம்பி நடந்தது. சிங்கப்பூர் அருகில் இருக்கும் நிலத்துக்கு அது சாத்தியம். பத்து பெரெண்டாமைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் நெருங்கிவிட்டன. செனாயின் பாதையை அப்படியே அங்கே விரிக்க இடமில்லை.

நகரமே விமான நிலையத்தின் சொந்தக்காரராக இருக்கும் முறையைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே சிறு விமான நிலையங்களில் மிகப் பல நகராட்சியின் சொத்து, அல்லது கவுண்டியின் சொத்து. கட்டுமானப் பணம் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்து வருகிறது. 1970-இல் ஏற்படுத்திய விமானப் போக்குவரத்து அறக்கட்டளை நிதியில் டிக்கெட் விலையின் 7.5 விழுக்காடு வரியும் எரிபொருள் வரியும் சேர்கின்றன. 1982 முதல் நடைபெறும் மேம்பாட்டுத் திட்டத்தின்படி சிறு நிலையங்களின் தகுதியான பணிகளுக்கு வழக்கமாக 90 விழுக்காட்டை மத்திய அரசு தருகிறது. மிச்சத்தை மாநிலமும் நகரமும் பகிர்கின்றன. பயணிகள் விமானம் அரிதாகவே வரும் ஊருக்கும் ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரை ஒதுக்கீடு உண்டு. அதைச் சேர்த்துவைத்து ஓடுபாதைக்குத் தார் போடுகிறார்கள்.

இந்த 90 விழுக்காட்டுக்கு விலை உண்டு. பணம் வாங்கிய நகரம் பொதுவாக இருபது ஆண்டுக்கு நிலையத்தைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டது. நிலையத்தின் வருவாயை எடுத்து ஊருக்குள் சாலை போடக் கூடாது. எந்த வகை விமானத்தையும் நியாயமின்றித் தடுக்கக் கூடாது. சொந்தக்காரர் நகரமே ஆனாலும் கை கட்டப்பட்ட சொந்தக்காரர். இதை வெறுத்த நகரங்கள் உண்டு. சிக்காகோவில் ஏரிக்கரையோரம் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டை மேயர் ரிச்சர்ட் டேலி 2003 மார்ச் 30 நள்ளிரவில் இயந்திரங்களை அனுப்பி ஓடுபாதையில் பள்ளம் தோண்டி மூடினார். விமானங்கள் சில உள்ளேயே மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்புத் தராத குற்றத்துக்கு விதித்த அபராதம் 33,000 டாலர்தான். விமான நிலைய நிதியிலிருந்து எடுத்த பத்து லட்சம் டாலரையும் நகரம் திருப்பிக் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்கா சட்ட வழியில் போனது. அண்டை வீட்டாரின் இரைச்சல் புகாரும் பல ஆண்டு வழக்கும் 2017-இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தன: ஓடுபாதை உடனே 3,500 அடியாகக் குறையும், 2028 முடிந்ததும் நகரம் நிலையத்தை மூடலாம். ஒன்றில் நிலம் பூங்காவானது. மற்றதில் என்னவாகும் என்ற வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நகரத்தின் கையில் கொடுத்தால் நகரம் அதை நேசித்து வளர்க்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். ஊர் வளர்ந்ததும் விமான நிலையத்தின் நிலம் விமான நிலையத்தைவிட விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

அங்கிருந்து நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. கட்டிய பிறகு விமானம் வராத ஊர்கள் என்ன செய்தன? கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா 2002-இல் ஏர்ட்ரான் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தை வருமான உத்தரவாதம் கொடுத்து வரவழைத்தது. டிக்கெட் விற்பனை ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறைந்தால் குறைந்த தொகையை ஊர் தரும். நகரம், கவுண்டி, பின்னர் மாநிலமும் இதில் சேர்ந்தன. சிற்றூர்களின் விமானச் சேவைக்கென்றே மத்திய அரசின் தனி மானியத் திட்டம் ஒன்றும் 2000-இல் பிறந்தது. வணிகர்களும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே டிக்கெட் பணத்தைப் பொதுக் கணக்கில் போட்டுவைக்கும் ஏற்பாட்டையும் சில ஊர்கள் செய்துபார்த்தன. எல்லாம் வெற்றி பெறவில்லை. ஆனால் பற்றாக்குறைக்கு ஒரு தொகையும் ஒரு காலக்கெடுவும் ஒரு பெயரும் இருந்தன.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. 1986 சட்டம் பெரிய நகராட்சி விமான நிலையங்களை நிறுவனங்களாக்கியது; சில தனியாருக்குப் போயின, மான்செஸ்டர் நகர மன்றங்களின் கையில் தங்கி வளர்ந்தது. தனியாரிடம் போன டீசைடில் 2006-இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த பயணிகள் பின்னர் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே சரிந்தனர். 2019-இல் டீஸ் பள்ளத்தாக்கு மன்றங்களின் கூட்டமைப்பு 4 கோடி பவுண்டு கொடுத்து அதைத் திரும்ப வாங்கியது. பிளாக்பூல் மன்றம் 2017-இல் அதையே செய்தது. 2022 நவம்பரில் மூடப்பட்ட டொன்காஸ்டரைத் திறக்க அவ்வூர் மன்றம் நீண்டகாலக் குத்தகை எடுத்திருக்கிறது. வாக்காளருக்கு விமான நிலையம் ஒரு மானப் பிரச்சினை. மேயர்களுக்கு அது தெரியும். நஷ்டத்தைக் கடனாகச் சுமந்துகொண்டே ஓட்டுகிறார்கள்.

நம் வாசகர்களுக்கு நெருங்கிய உதாரணம், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் இந்தியாவின் உடான் திட்டம். 2016-இல் கொள்கையாக அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு; நிறுவனத்துக்கு ஏற்படும் குறையை மூன்று ஆண்டுக்கு அரசு ஈடுகட்டும். அதில் 80 விழுக்காடு பெரிய வழித்தடங்களில் வசூலிக்கும் தீர்வையிலிருந்து, 20 விழுக்காடு மாநில அரசிடமிருந்து. மாநிலம் நிலத்தை இலவசமாகத் தர வேண்டும்; காவலும் தீயணைப்பும் இலவசம்; எரிபொருள் மீதான விற்பனை வரியை ஒரு விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும். படித்தால் குறையே சொல்ல முடியாத திட்டம்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை அதன் மறுபக்கத்தைக் காட்டியது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டையும் முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை பறந்துகொண்டிருந்தவை 54. அதாவது நூற்றுக்கு ஏழு. பெக்கான்பாரு விமானம் ஏன் நின்றது என்று மலாக்காவில் ஆச்சரியப்படுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த எண்களுக்குப் பின்னால் சேலம் ஒரு நல்ல பாடம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் 1993-இல் திறந்த நிலையம். 1,806 மீட்டர் ஓடுபாதை. தொடக்கத்தில் ஒரு நிறுவனம் வந்து போனது. பல ஆண்டு உறக்கம். 2009 வாக்கில் கிங்ஃபிஷர் வந்தது, தன் சொந்தக் கடனில் மூழ்குவதற்குமுன் சேலத்தை விட்டது. 2018 மார்ச் 25-இல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது, சில ஆண்டில் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. முப்பது ஆண்டில் நான்கு பிறவி. ஒவ்வொரு பிறவியிலும் நிலையம் அதேதான், ஊரும் அதேதான். மாறியது விமான நிறுவனத்தின் பண நிலை மட்டும். இடையே ஓடுபாதையை நீட்ட 570 ஏக்கர் எடுக்கும் திட்டம் வந்தபோது விளைநிலம் போகும் என்று உழவர்கள் எதிர்த்தார்கள். நாளுக்கு ஒரு விமானத்துக்கே தடுமாறும் நிலையத்துக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்று அவர்கள் கேட்டதற்குப் பொருளாதார நிபுணர் எவரும் உருப்படியான பதில் சொன்னதாக நான் படிக்கவில்லை.

ஊர்ப் பணமே ஊருக்கு நிலையம் கட்டிய கதையும் உண்டு. கொச்சியில் பழைய கடற்படை நிலையம் போதாமல் போனபோது, வி. ஜே. குரியன் என்ற அதிகாரியின் முயற்சியில், வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் வேலை செய்த மலையாளிகள் ஆயிரக்கணக்கானோர் பங்கு வாங்கினார்கள். கேரள அரசு மூன்றில் ஒரு பங்களவு எடுத்தது. 1999-இல் திறந்தது, 2015 ஆகஸ்டிலிருந்து சூரிய மின்சாரத்திலேயே இயங்குகிறது, பங்குதாரருக்கு ஈவுத்தொகையும் தருகிறது. இதை முன்னுதாரணமாக மேடையில் சொல்கிறவர்கள் கண்ணூரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதே மாநிலம், அதே வகை நிறுவனம், 2018 டிசம்பரில் திறப்பு. ஆனால் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இறங்கும் உரிமை கிடைக்காததால் கடன் கழுத்தை நெரிக்கிறது. கொச்சிக்கு வளைகுடாவுக்குப் போகத் துடித்த பயணிகள் முன்பே இருந்தார்கள். பங்கு விற்பனை அவர்களை உருவாக்கவில்லை.

இலங்கையில் இரண்டு துருவங்களும் உள்ளன. அம்பாந்தோட்டையின் மத்தள, 2013 மார்ச் 18-இல் சுமார் 21 கோடி டாலர் செலவில், பெரும்பகுதி சீனக் கடனில் திறந்தது. 3,500 மீட்டர் ஓடுபாதை. பயணிகள் வராமல், ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கூடத்தை நெல் சேமிக்கக் கொடுத்தார்கள். மறுமுனையில் பலாலி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுதளத்தைச் சீர்செய்து, சிறிய முனையம் ஒன்று வைத்து, 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் அனைத்துலக விமான நிலையம் என்று திறந்தார்கள். இந்தியாவும் ஒரு பகுதி மானியம் தந்தது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் இறங்கியது. பெருந்தொற்று நிறுத்தியது, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. குட்டை ஓடுபாதை, எளிய முனையம்; ஆனாலும் மறு கரையில் உறவுகள் இருப்பதால் விமானம் திரும்பி வந்தது.

வட ஜொகூருக்கும் மலாக்காவுக்கும் அந்த மறு கரை எது? கோலாலம்பூர் இல்லை. நெடுஞ்சாலை அதை முன்பே முடித்துவிட்டது. ரயில் இன்னும் முடித்துக்கொண்டிருக்கிறது: 2025 மார்ச்சில் ஈடிஎஸ் மின்ரயில் சிகாமட் வரை வந்துவிட்டது. 2010-இல் ஈப்போவுக்கு ஈடிஎஸ் ஓடத் தொடங்கிய பிறகு அங்கிருந்து தலைநகருக்கு விமானத்தில் போவது பற்றி யாரும் பேசுவதில்லை. ஈப்போ நிலையம் பிழைத்திருப்பது பெரும்பாலும் சிங்கப்பூர் விமானத்தால். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலின் எட்டு நிலையங்களில் ஆயர் குரோவும் மூவாரும் இருந்தன. 2020-இன் கடைசி நாளோடு அந்த ஒப்பந்தம் முறிந்தது, சிங்கப்பூருக்கு 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தோம். அது உயிர்த்தெழுந்தால் சிங்கப்பூர்ப் பயணிகளும் ரயிலுக்குத்தான். மிச்சம் கடல் தாண்டிய சுமத்ராவும், தரை வழியில் நீண்ட பயணமாகும் பினாங்கு, கோத்தா பாரு போன்றவையும். ஒழுங்கான சாலை இல்லாத சரவாக்கின் பாரியோவுக்குக் கூட்டரசு விமான மானியம் தருவது நியாயம். நெடுஞ்சாலையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் அதே மானியத்தைக் கேட்டால் சரவாக்கில் சிரிப்பார்கள்.

அப்படியானால் பத்து பெரெண்டாமில் மேம்பாடு என்று எதைக் கேட்பது? அந்த வளாகத்திலும் அருகிலும் ஏற்கெனவே உயிரோடு இருப்பவற்றைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கிறது. மலேசியன் ஃப்ளையிங் அகாடமி பல்லாண்டாக அங்கே விமானிகளைப் பயிற்றுவிக்கிறது. நம் பிள்ளைகள் சிலரும் அங்கிருந்துதான் இறக்கை பெற்றார்கள். 1990-இல் தொடங்கிய சிடிஆர்எம் தொழிற்சாலை ஏர்பஸ் விமானங்களுக்கான கூட்டுப்பொருள் பாகங்களைப் பத்து பெரெண்டாமில் செய்கிறது. ஈகிள் என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானமும் அங்கே தயாரானது. பயணி முனையம் வெறிச்சோடிக் கிடந்த நாட்களிலும் பயிற்சி விமானங்கள் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஆகவே அடுத்த நிதி ஒதுக்கீடு முனையத்துக்குப் போகக் கூடாது. சிறு விமானங்களுக்கான கொட்டகை, பழுதுபார்க்கும் கூடம், இரவு நேரப் பயிற்சிக்கான வழிகாட்டு வசதி, நோயாளிகளைக் கொண்டுவரும் வாடகை விமானத்துக்குத் தனி வாயில் என்று வாடகை தரும் வேலைகளுக்குப் போகட்டும். கொட்டகை வாடகை மாதந்தோறும் வரும். பெக்கான்பாரு விமானம் நின்றாலும் வரும்.

அட்டவணை விமானம் வேண்டும் என்று மருத்துவமனைகளும் மாநிலமும் விரும்பினால் விச்சிட்டா வழியில், கையெழுத்தான ஒரு பற்றாக்குறை ஒப்பந்தம் தேவை. பெக்கான்பாருவுக்கு மூன்று ஆண்டு. ஆண்டுக்கு ஓர் உச்சத் தொகை. அதில் மருத்துவமனைகளின் பங்கு இவ்வளவு, மலாக்கா மாநிலத்தின் பங்கு இவ்வளவு, இயக்கும் நிறுவனம் விட்டுக்கொடுக்கும் கட்டணம் இவ்வளவு. மூன்றாம் ஆண்டு முடிவில் விமானம் தன் காலில் நிற்காவிட்டால் விட்டுவிட வேண்டும். நூற்றுக்கு ஏழுதான் நிற்கிறது என்று தெரிந்தே இறங்குவது தவறில்லை, தொகைக்கு வரம்பு இருக்கும்வரை.

தங்காக் மாவட்ட மன்றமும் மூவார் நகராண்மைக் கழகமும் இதில் எங்கே நிற்கின்றன? அவற்றின் வருமானம் வீட்டு மதிப்பீட்டு வரியும் உரிமக் கட்டணமும்; வடிகாலுக்கும் குப்பைக்குமே அது சரியாகிவிடுகிறது. விமானத்துக்கு அதிலிருந்து ஒரு சென் கேட்பதும் அநியாயம். ஆனால் மூவாரிலிருந்து தங்காக் வழியாகப் பத்து பெரெண்டாமுக்கும் மலாக்கா மருத்துவமனைகளுக்கும் நேரடிப் பேருந்து ஒன்றை ஜொகூர் மாநிலம் நடத்த முடியும். விமானம் வராத நாளிலும் அதில் ஆள் ஏறுவார்கள். அந்தப் பேருந்தை ஜொகூரின் பங்களிப்பாக வைத்து, நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் வட ஜொகூருக்கு ஓர் இருக்கை கேட்கலாம்.

அந்த இருக்கையில் உட்காருகிறவர் முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 39 நிலையங்களின் கூட்டுக் கணக்குக்குள் புதைந்து கிடக்கும் பத்து பெரெண்டாமின் தனி வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்ல வேண்டும்: பயணிக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிப் பள்ளி வாடகை எவ்வளவு, தீயணைப்புக்கு எவ்வளவு, குறை எவ்வளவு, அதை நிரப்பியது யார். மேலே நான் நாற்பது பேர், 4,000 ரிங்கிட் என்று மனக்கணக்கு போட வேண்டியிருந்தது அந்தத் தாள் பொதுமக்கள் கையில் இல்லாததால்தான். அது வரும்வரை, ஓடுபாதையை நீட்டச் சொல்லும் மனுவை யார் கொண்டுவந்தாலும் நான் கையெழுத்திடுவதாக இல்லை.